செடி கொடுத்துவிட்டு ஒரு நல்ல வார்த்தை எதிர்பார்ப்பது தப்பா?

உச்சிப்புளி வாசல்

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை இங்கே படித்துவிட்டுப் போகிற ஆளாகத்தான் இருந்தேன். ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியிலிருந்து கடல் பக்கம் போகும் வழியில். சுற்றிலும் தென்னையும் மணலும். கிணற்றுத் தண்ணீர் கோடையில் உப்புக் கரித்துச் சவர் ஏறிவிடும், மழைக்குப் பிறகு கொஞ்சம் தேவலை. காவிரித் தண்ணீர் முறை வைத்து வரும். அது குடிக்கவும் சமைக்கவும் சரியாகப் போய்விடும். அரிசி களைந்தது, காய் கழுவியது, மழைக்காலத்தில் தொட்டியில் பிடித்து வைத்தது, இவைதான் செடிக்கு. இந்த லட்சணத்தில் குண்டுமல்லி, செம்பருத்தி, காகிதப்பூ, அடீனியம், நித்தியகல்யாணி, சப்போட்டா, கறிவேப்பிலை எல்லாம் இருக்கின்றன. ஒரு பன்னீர் ரோஜாவும் எப்படியோ பிழைத்துக் கிடக்கிறது.

வளர்ப்பதோடு கொடுப்பதும் எனக்குப் பழக்கம். சும்மா ஒடித்துக் கையில் திணிப்பதில்லை. பால் பாக்கெட் கவரில் மணலும் மட்கிய சாணமும் போட்டு, குச்சியை ஊன்றி, நிழலில் வைத்து, துளிர் விட்டு வேர் பிடித்தது தெரிந்த பிறகுதான் கொடுப்பேன். எங்கள் தெருவில் என் செடி இல்லாத வாசல் குறைவு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. எதிர்வீட்டுக்கு நான் கொடுத்த காகிதப்பூ சுவரைத் தாண்டி ரோட்டுப் பக்கம் சரிந்து பூத்துக் குலுங்குகிறது. அந்த வீட்டுக்கு வந்த விருந்தாளி, "எங்க வாங்கினீங்க?" என்று கேட்கிறார். "இங்கனதான் ஒரு எடத்துல" என்று பதில் வருகிறது. நான் என் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்!

வாட்ஸாப் ஸ்டேட்டஸில் பூ படம் போட்டால் பார்த்தவர்கள் பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஒரு கைத்தட்டல் பொம்மைகூட வராது. வீட்டுக்காரர், "நீ செடி வளக்கிறியா, பேர் வளக்கிறியா?" என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கொடுத்துவிட்டு ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்குவது அல்பத்தனமா? உங்களுக்கும் இப்படி உண்டா?

தொண்டி மச்சான்

அக்கா, நம்ம மாவட்டத்துக்கு யாரோ நல்ல மனதோடு கொண்டுவந்து கொடுத்த செடி ஒன்று இருக்கிறது. சீமைக்கருவை. இன்றுவரை அவருக்குக் கிடைப்பதெல்லாம் திட்டு மட்டும்தான். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்கள்கூட ஒரு நன்றி சொன்னதாகத் தெரியவில்லை. அவரோடு ஒப்பிட்டால் உங்கள் தெரு உங்களை நன்றாகத்தான் வைத்திருக்கிறது.

சும்மா சொன்னேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். படத்தை இங்கே போடுங்கள், நாங்கள் சொல்கிறோம்.

சென்னையில் ராம்நாட்டான்

எதிர்பார்ப்பு இல்லாமல் கொடுப்பதுதான் கொடை. பலனை நினைத்துக் கொடுத்தால் அது வியாபாரம். செடி உங்களைப் பார்த்துப் பூக்கிறது, அதுவே பாராட்டு. மனதை விசாலமாக வைத்துக்கொள்ளுங்கள் சகோதரி.

கீழக்கரை லாத்தா

மேலே எழுதின தம்பிக்கு ஒரு கேள்வி. நீங்கள் போட்ட பதிவுக்கு எத்தனை விருப்பம் விழுந்திருக்கிறது என்று இதற்குள் எத்தனை முறை பார்த்தீர்கள்? மனதைத் தொட்டுச் சொல்லுங்கள்.

உச்சிப்புளி தங்கச்சி, இது அல்பத்தனம் இல்லைம்மா. சோறாக்கி வைத்தவள் பக்கத்தில் நின்றுகொண்டு முகத்தைப் பார்க்கிறாளே, அதுபோலத்தான். உப்பு கூடினால் மட்டும் வாயைத் திறக்கிற வீட்டில் இருந்தவர்களுக்கு அந்தப் பார்வை புரியும்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு மருதாணி நிற்கிறது. உம்மா வைத்தது. யாரும் தண்ணீர் ஊற்றியே வளர்க்கவில்லை, கடல் காற்றும் சவர் மண்ணும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பெருநாளுக்கு முந்தின நாள்களில் தெருப்பிள்ளைகள் எல்லாம் பையோடு வந்துவிடுவார்கள். கிளையை இழுத்து உருவி மொட்டையாக்கிவிட்டுத்தான் போவார்கள். "மரம் நல்லா இருக்கு லாத்தா" என்று ஒரு பிள்ளை சொன்னது கிடையாது. ஆனால் பெருநாள் காலையில் சலாம் சொல்ல வரும்போது முதல் வேலையாகக் கையை நீட்டும். "பாருங்க, எவ்வளவு செவந்திருக்கு!" என்று அதுக்குப் பெருமை. வெயிலிலும் வறட்சியிலும் காய்ந்து வளர்ந்த மருதாணி நன்றாகவே சிவக்கும், நம்ம ஊர் இலைக்கு என்ன குறை? அந்த நீட்டின கை போதும் எனக்கு.

ஆனால் ஒன்று. மருதாணிக்கு அந்த வசதி இருக்கிறது, வாங்கினவர் கையிலேயே தெரிந்துவிடும். காகிதப்பூவை யார் கையில் பூசிக்கொண்டு வந்து காட்டுவார்கள்? உன் வருத்தம் நியாயம்தான்.

உச்சிப்புளி வாசல்

லாத்தா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நன்றி.

சென்னை அண்ணாவுக்கு: செடி என்னைப் பார்த்துப் பூக்கவில்லை. வெயிலைப் பார்த்துப் பூக்கிறது. நான் கேட்பது மனுஷர்களைப் பற்றி.

மணல்மேடு

வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், ஊர் தேவிபட்டினம் பக்கம். இதில் நீங்கள் யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் செடியை வாய்விட்டுப் புகழ்வது மரியாதை இல்லை. கண் பட்டுவிடும் என்று பயம். காய்த்துத் தொங்கும் தோட்டத்தில் கரும்புள்ளி செம்புள்ளி குத்திய பானையைக் கவிழ்த்து வைப்பது எதற்கு? பார்க்கிறவர் கண் முதலில் அதில் போகட்டும் என்றுதான். என் தாயார் சுரைப்பிஞ்சை விரல் நீட்டிக் காட்டவே விடமாட்டார்கள், அழுகிவிடும் என்பார்கள். மடக்கின விரலால் காட்ட வேண்டும். (பிஞ்சு அழுகுவதற்குக் காரணம் மகரந்தம் சேராததும் பழ ஈயும்தான். அதை வீட்டில் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.) பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு நகர்கிற ஊர் இது. அந்தப் பழக்கத்தில் வந்தவர்கள் உங்கள் மல்லிப் பந்தலைப் பார்த்து "அடேயப்பா" என்று சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அவர்கள் பேசாமல் போவதில் உங்கள் செடியின் மேல் ஒரு அக்கறையும் இருக்கலாம்.

இப்போது இருப்பவர்களுக்கு அந்த நம்பிக்கை பாதி போய்விட்டது. பேசாமல் போகும் பழக்கம் மட்டும் மிச்சம்.

உச்சிப்புளி வாசல்

ஐயா, கண்படும் என்பது சரி. ஆனால் அதே ஆட்கள் இணையத்தில் எங்கோ இருக்கிறவர் மாடித்தோட்டத்துக்கு "சூப்பர் மா", "அற்புதம்" என்று அள்ளி விடுகிறார்கள். அங்கே கண் படாதா?

மணல்மேடு

படத்துக்குக் கண் படாது போலிருக்கிறது.

பாம்பன் காத்து

அக்கா, நான் வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் வீட்டில் செடி வைப்பது என்றால் சண்டை. காற்று ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம். மேல்காற்று அடிக்கும் மாதங்களில் இலையெல்லாம் கிழிந்து தொங்கும்.

என் நாத்தனாருக்கு அவள் மதினி ஒரு ரோஜா கொடுத்தார். ஆசையாகத்தான் வாங்கி வந்தாள். கொஞ்ச நாளில் இலை ஓரம் கருகி, அப்புறம் குச்சியே பட்டுப்போனது. அதிலிருந்து மதினி வருகிறார் என்றால் இவள் பின்வாசல் வழியாகப் போய்விடுவாள். அந்த மதினியோ, "செடி வாங்கினவ ஒரு வார்த்தை பேசல பாரு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே ரோஜாவைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு அது பூத்திருக்கிறது, இன்னொருவருக்குச் செத்துப்போயிருக்கிறது.

உங்கள் எதிர்வீட்டுக்காரர் வேறு ரகம், அதை விடுங்கள். ஆனால் வாங்கிப் போனவர்கள் வீட்டில் எத்தனை செடி இப்போது உயிரோடு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? சும்மா கேட்கிறேன்.

உச்சிப்புளி வாசல்

தெரியாது. வாசலில் வைத்தது மட்டும்தான் கண்ணில் படும். போய்க் கேட்டால் கடன் கேட்டு வந்தது மாதிரி ஆகிவிடுமோ என்று கூச்சம்.

ராம்நாடு மாடித்தோட்டம்

எல்லோரும் கொடுப்பவர் பக்கமே பேசுகிறீர்கள். கொஞ்சம் கசப்பாகச் சொல்லப்போகிறேன், மன்னிக்கவும்.

எங்களுக்குத் தெரிந்த ஒருவர் அன்பாக ஒரு அடுக்குச் செம்பருத்தி கொடுத்தார். இலைக்கு அடியில் மாவுப்பூச்சி. வாங்கும்போது யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. மாடியில் வைத்தேன். அங்கிருந்து கத்தரி, அப்புறம் கொய்யா என்று எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. எறும்பு வேறு அதைச் சுமந்து சுமந்து பரப்பும். அவரோ பார்க்கும்போதெல்லாம், "செடி எப்படி இருக்கு? பூத்துதா? ஃபோட்டோ அனுப்பவே இல்லையே" என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல?

இது சின்ன விஷயம் இல்லை. 2008இல் கோயம்புத்தூரில் முதலில் தெரியவந்த பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று தமிழ்நாடு முழுக்க ஏறியது. 2010இல் அதற்கென்றே ஒட்டுண்ணிக் குளவியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. செடியும் குச்சியும் கைமாறுகிற இடமெல்லாம் பூச்சியும் கைமாறும். நல்ல வார்த்தைக்கு ஏங்குவதற்கு முன்னால் இலையைத் திருப்பிப் பார்த்துக் கொடுங்கள் என்பது என் வேண்டுகோள்.

தொண்டி மச்சான்

யாத்தே. மாடித்தோட்டம் கத்தியோடு வந்திருக்கிறார்.

உச்சிப்புளி வாசல்

நான் பூச்சி வந்த செடியைக் கொடுத்ததில்லை. வேர் பிடிக்கும் வரை என் கண் முன்னால்தான் இருக்கும். ஆனாலும் நீங்கள் சொன்னது உறைக்கிறது. உங்களிடம் அப்படித் துருவித் துருவிக் கேட்கிறவர் மாதிரி நான் ஆகிவிடக் கூடாது.

நெறியாளர்

சூடு கொஞ்சம் குறையட்டும். மாவுப்பூச்சி பற்றித் தனி இழை இருக்கிறது. சுருக்கமாக: வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி மாலையில் தெளியுங்கள், எறும்பைக் கட்டுப்படுத்துங்கள், புதிதாக வந்த செடியைச் சில வாரம் மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். இங்கே பேச்சு கொடுப்பதையும் வாங்குவதையும் பற்றியே தொடரட்டும்.

தங்கச்சிமடம் பதியன்

தாமதமாக வந்தேன். செடி கொடுப்பதே எங்களுக்குத் தொழில் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் மல்லிகை நாற்று போடுகிற குடும்பங்கள் நிறைய. ராமநாதபுரம் குண்டுமல்லி என்று சொல்லித்தான் வாங்குவார்கள். நம்ம மணலில் தண்ணீர் தேங்காது, குச்சி அழுகாமல் வேர் இறங்கும், பிடுங்கும்போதும் வேர் அறாது. களிமண் நிலத்தில் இந்த வசதி கிடையாது. பிடுங்கின நாற்றைக் கட்டுக்கட்டாகக் கட்டி, ஈரச்சாக்கில் சுற்றி, வெளி மாவட்டம், வெளி மாநிலம் என்று அனுப்புகிறோம். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரையைச் சுற்றிப் பூக்கிற எத்தனையோ கொல்லையில் நட்ட நாற்று எங்கள் மணலில் வேர் விட்டதுதான். பூ விற்கும்போது அதை யார் சொல்கிறார்கள்? தலையில் வைக்கிறவர்களுக்கு மதுரை மட்டும்தான் தெரியும்.

இதில் எனக்கு வருத்தம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. பாதி நாள் இருக்கும், பாதி நாள் இருக்காது. காசு வாங்கிவிட்டதால் வருத்தப்பட உரிமை இல்லை என்று அப்பா சொல்வார். அதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. காசு நாற்றுக்கு. அந்த மணலில் குனிந்து கிடந்த முதுகுக்கு யார் கணக்குப் போட்டார்கள்?

ஆனால் வாங்கினவர் போன் போட்டுச் சந்தேகம் கேட்பார் பாருங்கள், "தம்பி, கவாத்து எப்ப பண்ணணும்? எவ்வளவு உயரத்துல வெட்டணும்?" என்று, அப்போது எனக்கு எங்கிருந்தோ உற்சாகம் வந்துவிடும். சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசுவேன். கார்த்திகையில், அதாவது நவம்பர் கடைசியில், தரையிலிருந்து முழங்கால் உயரம் விட்டு வெட்டுங்கள், காய்ந்ததையும் நோய்ப்பட்டதையும் எடுங்கள், பிறகு உரம் வையுங்கள், பங்குனிக்கு மேல் பூவைப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே போவேன். "நாற்று அருமை" என்று ஒருவர் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது.

அக்காவுக்கு ஒரு யோசனை: கவருக்கு ஐந்து ரூபாயாவது வாங்குங்கள். ஓசியில் வந்ததை ஓரமாகத்தான் வைப்பார்கள்.

உச்சிப்புளி வாசல்

தம்பி, எதிர்வீட்டில் போய் ஐந்து ரூபாய் கேட்டால் அப்புறம் எனக்கு யார் வீட்டிலும் ஒரு கரண்டி புளிக்கரைசல்கூடக் கிடைக்காது. அது நடக்கிற காரியம் இல்லை.

ஆனால் சந்தேகம் கேட்பதைப் பற்றிச் சொன்னீர்களே, அது மனதில் நின்றுவிட்டது. யோசித்துப் பார்த்தால் எனக்கு "அழகு" என்ற சொல்கூட வேண்டாம். போன வருஷம் வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம், வெளியூர்க்காரர், "எவ்வளவு அழகா வச்சிருக்கீங்க" என்று நிறையவே புகழ்ந்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வயிறு நிறையவில்லை. அவருக்கு எங்கள் கிணற்றைத் தெரியாது. அவர் ஊரில் ஆற்றுத் தண்ணீரில் எல்லாம் தானாக முளைக்கும். இந்தத் தெருவில் இருக்கிறவர்களுக்குத்தான் கோடையில் குடம் எப்போது வரும் என்று தெரியும், மணலில் ஊற்று தோண்டி அகப்பையால் மொண்ட கதை தெரியும். அவர்களில் ஒருத்தி வந்து, "இந்தத் தண்ணிய வச்சுக்கிட்டு இத எப்படிக்கா கொண்டாந்தே?" என்று கேட்டால் போதும். அதைத்தான் இத்தனை நாள் எதிர்பார்க்கிறேன் போலிருக்கிறது.

கீழக்கரை லாத்தா

இப்போதுதான் சரியாகச் சொன்னாய்.

மணல்மேடு

அப்படியானால் இதைக் கேளுங்கள். அந்தக் கேள்வி வரவேண்டும் என்றால், கொடுத்த செடி அவர்கள் வீட்டில் ஒரு பருவமாவது உயிரோடு இருக்க வேண்டும். பாம்பன் தங்கச்சி சொன்னதுபோலப் பாதி அங்கேதான் செத்துக்கொண்டிருக்கும். காரணம் கைராசி இல்லை, தண்ணீர்.

உங்கள் நாற்று அரிசி களைந்த தண்ணீரிலும் மழைத்தண்ணீரிலும் வளர்ந்தது. வாங்கிப் போகிறவர் மறுநாளே மோட்டார் போட்டுச் சவர்த் தண்ணீரை ஊற்றுவார். அதுவும் பாசத்தில் இலை நனைய மேலே தெளிப்பார். உப்புத் தண்ணீர் இலையில் பட்டுக் காய்ந்தாலே ஓரம் கருகும். வேர் வழியாகப் போனாலும் நுனியில் உப்பு சேர்ந்து கருகும். அவர் அதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். அடிக்கடி கொஞ்சமாக ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிப் போய் உப்பு மட்டும் மேலே தங்கும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவது அதுதான்.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. அடியில் ஊற்ற வேண்டும், ஊற்றுகிற அன்று தொட்டியின் ஓட்டை வழியாக நன்றாக வடியும் அளவுக்கு ஊற்ற வேண்டும், அப்போதுதான் உப்பும் கூடவே இறங்கும். மழை பெய்யும்போது தொட்டியை உள்ளே இழுக்காமல் மழையிலேயே விட வேண்டும், அதைவிட நல்ல மருந்து கிடையாது. மேல்மண்ணை மட்டையோ சருகோ போட்டு மூட வேண்டும். தென்னை நார்க்கழிவு கலப்பவர்கள் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் கலக்க வேண்டும், அதிலேயே உப்பு இருக்கும். ஜிப்சம் போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அது சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு. வெறும் உவர் மண்ணுக்கு நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்குவதுதான் வழி.

கொடுக்கும் காலமும் உண்டு. சித்திரையில் கேட்கிறார்கள் என்று கொடுக்காதீர்கள். "ஐப்பசியில் வா" என்று சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, நமக்கு வருஷத்து மழையில் பெரும்பங்கு அப்போதுதான். அந்த மழையில் வேர் பிடித்த செடி கோடைச் சவரைத் தாங்கும். இடையில் நாற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சவர்த் தண்ணீரையும் கலந்து பழக்கிவிட்டே கொடுங்கள்.

இன்னொன்று, கேட்கிறவர் வீட்டில் என்ன தண்ணீர் என்று விசாரித்துவிட்டுச் செடியைத் தேர்ந்தெடுங்கள். மணல்மேட்டில் ஆழமில்லாத கிணறு இருக்கிற வீடா, மல்லி கொடுக்கலாம். ஆழ்துளைக் கிணற்றில் உப்பு வருகிற வீடா, காகிதப்பூ, நித்தியகல்யாணி, அரளி, மருதாணி, சப்போட்டா. அவர்களுக்கு ரோஜா கொடுப்பது, பாம்பன் தங்கச்சி வீட்டில் நடந்ததுபோல, உறவைக் கெடுத்துக்கொள்ள எளிய வழி. அரளியும் அடீனியமும் கொடுக்கும்போது பால் விஷம், சின்னப்பிள்ளை இருக்கிற வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள் என்று சொல்லிக் கொடுங்கள்.

பாம்பன் காத்து

ஐயா, இதை என் நாத்தனாருக்கு அனுப்பிவிட்டேன். "அப்ப ரோஜா செத்ததுக்கு நான் காரணமில்ல" என்று பதில் வந்திருக்கிறது. வீட்டில் இரண்டு நாளாக அதே பேச்சு.

ராம்நாடு மாடித்தோட்டம்

மணல்மேடு ஐயா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். எங்கள் தெருவில் ஒரு ஆச்சி கத்தரி, மிளகாய் நாற்று மிச்சமானால் கொடுப்பார். கொடுக்கும்போதே, "காய்ச்சதும் வித்து எடுத்து வச்சு எனக்குக் கொஞ்சம் குடு, எங்கிட்ட தீர்ந்துபோச்சு" என்பார். அவரிடம் தீர்ந்ததெல்லாம் இல்லை, வீட்டில் சுரைக்குடுவை நிறைய விதை இருக்கும். ஆனால் வாங்கினவள் அந்தச் செடியைக் கண்ணாகப் பார்ப்பாள், திருப்பிக் கொடுக்க வேண்டுமே! தை மாதம் விதையைக் கொண்டுவந்து கொடுக்கும்போது உட்கார்ந்து பேச்சு நடக்கும். அந்தக் கிழவி தந்திரக்காரி என்று நினைத்திருந்தேன். இந்த இழையைப் படித்த பிறகு அவர் மேல் மரியாதை கூடுகிறது.

(முன்னால் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன் என்று வீட்டில் சொன்னார்கள். ஆனால் இலையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன்.)

சென்னையில் ராம்நாட்டான்

லாத்தா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன். பார்த்தேன், பல முறை பார்த்தேன். ஒரு விருப்பம்கூட விழவில்லை.

எங்கள் அப்பத்தா பெரியபட்டினத்தில் முருங்கை, கொடுக்காப்புளி, ஒரு நந்தியாவட்டை வைத்திருந்தார். ஊருக்குப் போனால் பையில் முருங்கைக்கீரை கட்டித் தருவார். நாங்கள் பஸ் ஏறும் அவசரத்தில் வாங்கிக்கொண்டு ஓடிவருவோம். அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதனால்தான் அவருக்கு எதிர்பார்ப்பே கிடையாது என்று நினைத்திருந்தேன். கேட்டவர்கள் யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

கீழக்கரை லாத்தா

இதற்கு நான் விருப்பம் போட்டுவிட்டேன் தம்பி. ஒன்று விழுந்திருக்கும், போய்ப் பாருங்கள்.

உச்சிப்புளி வாசல்

இடையில் எழுத முடியவில்லை, மகளுக்குப் பரீட்சை. இப்போது மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது.

மணல்மேடு ஐயா சொன்னபடி, கேட்டவர்களை எல்லாம் ஐப்பசிக்குத் தள்ளினேன். சிலர் முகம் சுளித்தார்கள், "ஒரு குச்சி ஒடிச்சுக் குடுக்க இவ்வளவு பேச்சா" என்று ஒருவர் கேட்டார். வந்தவர்களிடம் முதலில் தண்ணீரைத்தான் விசாரித்தேன். பின்தெருவில் ஒரு வீட்டில், புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண், மல்லிதான் வேண்டும் என்று ஒரே பிடி. அவர்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. மருதாணியும் நித்தியகல்யாணியும் கொடுத்து, மல்லி வேண்டுமென்றால் கூரைத் தண்ணீர் பிடிக்கத் தொட்டி வை, பிறகு தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கோபமாகத்தான் போனாள்.

நேற்று அவள் வந்தாள். ஒரு பெயிண்ட் டப்பாவைக் கூரை ஓரமாக வைத்து மழைத்தண்ணீர் பிடித்திருக்கிறாள், அதில் கொசுப்புழு வந்துவிட்டது, செடிக்கு ஊற்றலாமா என்று கேட்டாள். ஊற்றலாம், துணியால் வாயைக் கட்டிவை என்றேன். அப்புறம் அவள் என் ரோஜாவுக்கு எந்தத் தண்ணீர், மல்லிக்கு எந்தத் தண்ணீர், கோடையில் என்ன செய்வேன் என்று ஒவ்வொரு தொட்டியாகக் கேட்க ஆரம்பித்தாள். உலை கொதித்து வழிந்து அடுப்பு அணைந்ததுகூட எங்களுக்குத் தெரியவில்லை. "செடி நல்லா இருக்கு" என்று அவளும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "சோறு எங்க?" என்றார்.

எதிர்வீட்டுக் காகிதப்பூ இன்னும் "ஒரு எடத்துல" வாங்கினதாகத்தான் இருக்கிறது. அந்த எரிச்சல் எனக்குப் போகவில்லை, போகாது என்றும் நினைக்கிறேன்.

தொண்டி மச்சான்

அக்கா, அந்தக் காகிதப்பூவில் ஒரு குச்சி ஒடித்துத் தரச் சொல்லி எதிர்வீட்டில் போய்க் கேளுங்கள். என்ன விலை சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

உச்சிப்புளி வாசல்

கேட்டாலும் கேட்பேன்!

தங்கச்சிமடம் பதியன்

கவாத்து ஆரம்பித்துவிட்டோம். இந்த இழையில் இருப்பவர்களுக்கு வேர் பிடித்த குண்டுமல்லி நாற்று கொஞ்சம் எடுத்து வைக்கிறேன், காசு வேண்டாம். வீட்டில் என்ன தண்ணீர் என்று எழுதிவிட்டுக் கேளுங்கள். இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கட்டுவேன், மாடித்தோட்டம் பயப்பட வேண்டாம்.

ராம்நாடு மாடித்தோட்டம்

காவிரித் தண்ணீர், மாடியில் மழைத்தொட்டியும் உண்டு. இரண்டு நாற்று. வந்ததும் தள்ளித்தான் வைப்பேன், தப்பாக நினைக்காதீர்கள்.

தொண்டி மச்சான்

எங்கள் வீட்டில் சுத்தமான சவர். எனக்கு மல்லி வேண்டாம், லாத்தா வீட்டு மருதாணிக் குச்சி யாராவது கொண்டுவந்தால் போதும். நான் பூசிக்கொள்ள இல்லை, தங்கச்சிக்கு.